மிளகாய்ச் செடி சுருளுதா? மருந்து வாங்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி மிளகாய் போட்ட கரிசல் காடுகளில், கார்த்திகை கடந்து மழை ஓய்ந்ததும் ஒரே பேச்சாக இருக்கும்: "செடி சுருட்டிக்கிட்டுது." சூலக்கரை, விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் வட்டாரம் முழுக்க இதே கதைதான். மானாவாரிப் புஞ்சையில் மட்டுமல்ல, கிணற்றுப் பாசனத் தோட்டத்திலும், வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர்களுக்கும் இதே கவலை. சுருண்ட இலை ஒன்றைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகிறோம். வீட்டிலிருந்து கடைக்குப் போவதற்குள் அது வாடிச் சுருங்கிவிடுகிறது. கடைக்காரர் அதைப் பார்த்து ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார். கூடவே ஒரு டானிக்கும், ஒரு பவுடரும். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் செடி முன்னைவிட மோசம்.

மருந்து போலி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மருந்து சரிதான், நோவுதான் வேறு. மிளகாயில் இலை சுருளுவதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் உண்டு. ஒன்றுக்கு அடிக்கும் மருந்து மற்றொன்றைக் கூட்டிவிடும். ஆகவே காசைக் கையில் எடுக்கும் முன் காட்டில் ஒரு கால் மணி நேரம் செலவழித்தால் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதலில் எட்ட நின்று பாருங்கள்

செடியைத் தொடுவதற்கு முன் வரப்பில் நின்று காட்டைப் பாருங்கள். பாதிப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்பதே பெரிய துப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் குட்டையாக நின்று, பக்கத்துச் செடி நன்றாக இருந்தால் அது வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். வரப்பு ஓரத்தில் தொடங்கி உள்ளே வருகிறது என்றால் பூச்சி. தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் மட்டும், அல்லது சுக்கான் கல் மேலே தெரிகிற மேட்டில் மட்டும் மஞ்சள் அடித்திருந்தால் மண் சம்பந்தப்பட்டது. பக்கத்துக் காட்டை ஒட்டிய ஒரு பக்கம் முழுக்க ஒரே நாளில் திருகிக்கொண்டால் அதற்குக் காரணம் பூச்சியும் இல்லை, சத்தும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்புறம் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்து இடத்தில் நான்கு செடி வீதம் இருபது செடி பாருங்கள். வாசலை ஒட்டிய நாலு செடியைப் பார்த்துவிட்டுத் திரும்புவது பார்த்ததாகாது.

மேலே சுருண்டால் இலைப்பேன், கீழே சுருண்டால் சிலந்தி

இலைப்பேன் தாக்கிய இலை ஓரம் மேல்நோக்கி மடியும். ஓடம் மாதிரி, தொன்னை மாதிரி இருக்கும். இலையின் அடிப்பக்கம் நரம்பை ஒட்டி வெள்ளியாகவோ பழுப்பாகவோ கீறல் தெரியும். ஒரு வெள்ளைத் தாளைக் குருத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டு செடியை நாலு தட்டு தட்டுங்கள். ஊசி முனை போல, ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு வெளிர் மஞ்சளாக ஏதாவது ஊர்ந்தால் அதுதான் இலைப்பேன். மழை விட்டு, வெயில் தொடர்ந்து காய்ந்தால் இது பெருகும்.

மஞ்சள் சிலந்தி தாக்கினால் இலை ஓரம் கீழ்நோக்கி மடியும். கவிழ்த்த ஓடம். இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டு, இலை ஒடுங்கி, எலி வால் போலத் தொங்கும். அடிப்பக்கம் கரடுமுரடாகி வெண்கல நிறம் ஏறும். நம் பக்கத்தில் முரணை என்று சொல்வது இதைத்தான். இந்தச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தெரியாது. கால் மில்லிமீட்டர் கூட இருக்காது. நகை ஆசாரி கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை வாங்கினால் பல வருடம் வரும். குருத்திலையின் அடியில் கண்ணாடித் துளி மாதிரி நகர்கிறதா என்று பாருங்கள். மந்தாரமும் புழுக்கமும் சேர்ந்த நாட்களில் இது கூடும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடி விட்டுச் செடி போகும் என்பதால், வெள்ளை ஈ இருக்கிற காட்டில் இதையும் தேட வேண்டும்.

இரண்டும் ஒரே செடியில் இருப்பதும் உண்டு. அப்போது இலை மேலும் கீழுமாகத் திருகியிருக்கும். அந்த நிலையில் தாளும் லென்ஸும் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இலைப்பேன் பூச்சி, அதற்கு ஆறு கால். சிலந்தி பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் இனம். பூச்சிக்கென்று செய்த மருந்துகள் பலவும் சிலந்தியை ஒன்றும் செய்யாது. அதைவிட மோசம், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபென்வலரேட் போன்ற பைரித்ராய்டு வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சிலந்தியைத் தின்கிற நல்ல சிலந்திகளும் பொறிவண்டும் செத்துப்போகும். மஞ்சள் சிலந்தி மட்டும் தப்பித்துப் பல மடங்காகப் பெருகும். "மருந்து அடிக்க அடிக்கச் சுருட்டு கூடுதுங்க" என்று விவசாயிகள் சொல்வது பிரமை இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறது. காய்ப்புழுவுக்கென்று பக்கத்துக்காரர் அடித்த விலை குறைந்த பாட்டிலை நாமும் வாங்கி அடிப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

சிலந்திதான் என்று உறுதியானால் நனையும் கந்தகம் முதல் தேர்வு. விலையும் குறைவு, சாம்பல் நோயையும் சேர்த்தே தடுக்கும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த சூட்டோடும் அடிக்கக் கூடாது. அதற்குக் கட்டுப்படாவிட்டால் ஃபெனசாகுவின், புரோபர்கைட், ஸ்பைரோமெசிஃபென் போன்ற சிலந்திக்கொல்லிகளில் ஒன்று. இலைப்பேன் என்றால் ஸ்பினோசாட் அல்லது ஃபிப்ரோனில். எதுவானாலும் லேபிளில் மிளகாய் என்று அச்சிட்டிருக்கிறதா, அளவு என்ன என்று படித்துவிட்டு, அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். ஒரே மருந்தை மூன்று முறை அடித்தால் நாலாவது முறை அது தண்ணீர்தான்.

ஆரம்ப நிலையில் இத்தனையும் தேவைப்படாது. ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு போதும். ஐந்து கிலோ கொட்டையை இடித்து ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடிகட்டி, நூறு லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் எந்த மருந்தானாலும் வீண். பூச்சி குடியிருப்பது இலைக்குக் கீழேதான்.

ஒன்று சொல்ல வேண்டும். சுருண்ட இலை திரும்ப நிமிராது. மருந்து வேலை செய்ததா என்பதைப் புதுக்குருத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய இலை நிமிரவில்லையே என்று ஐந்தாம் நாளே மறுமருந்து அடிப்பதால்தான் பாதிச் செலவு ஆகிறது.

பூவுக்குள் கறுப்பாக இருந்தால்

2021 கடைசியில் தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் மிளகாய்க் காடுகளைப் பெரிய அளவில் அழித்தது ஒரு புது இலைப்பேன். 2015-ல் பெங்களூருவில் பப்பாளியில் இது இருப்பது முதலில் பதிவானது. கறுப்பு இலைப்பேன் என்கிறார்கள். பழைய இலைப்பேன் குருத்தில் இருக்கும். இது பூவுக்குள் கூட்டமாக ஒளிந்திருக்கும். பூ கொட்டும், காய் பிடிக்காது, பிடித்த காயும் கோணலாகும். அங்கே பயத்தில் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் கலந்து அடித்தது நிலைமையை மோசமாக்கியது. நம் காட்டில் பூ அளவுக்கு மீறிக் கொட்டினால் பத்துப் பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் உதறுங்கள். கரும்பழுப்பு நிறத்தில் ஓடினால் உடனே வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். நீல நிற ஒட்டுப்பொறி இதற்கு உதவும். வெள்ளை ஈக்கு மஞ்சள் நிறப் பொறி, ஏக்கருக்கு ஐந்து.

மிளகாயோடு வெங்காயம் ஊடுபயிர் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. வருமானத்துக்கு நல்லதுதான். ஆனால் இரண்டையும் இலைப்பேன் தாக்கும் என்பதால் வேளாண் பல்கலைக்கழகம் இந்தச் சேர்க்கையை வேண்டாம் என்கிறது. அதற்குப் பதில் அகத்தியை ஊடே விட்டால் நிழலும் தடுப்பும் கிடைக்கும் என்பது அவர்கள் பரிந்துரை. வெங்காயத்தை விட மனமில்லாதவர்கள், வெங்காயத் தாளையும் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

வைரஸுக்கு மருந்து இல்லை

இலை சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, செடியே கொத்தாகக் குட்டையாகிவிட்டால் அது இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. இலைப்பேன் சுருட்டுக்கும் இதற்கும் குழப்பம் வரும். வித்தியாசம் இதுதான்: இலைப்பேன் போனால் புதுக்குருத்து நன்றாக வரும். வைரஸ் என்றால் வருகிற குருத்தெல்லாம் சுருண்டேதான் வரும்.

இதற்கு மருந்து என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். நட்ட நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்குள் தென்பட்டால் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி. பிடுங்க மனசு வராது, தெரியும். ஆனால் அந்த ஒரு செடியிலிருந்து வெள்ளை ஈ மற்ற செடிகளுக்கு எடுத்துப்போகும். அடுத்த பருவத்தில் நாற்றங்காலை நைலான் வலைக்குள் விடுங்கள். காட்டைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளமோ கம்போ நெருக்கி விதைத்தால் பறந்து வருவது குறையும்.

ஒரே பக்கம் திருகினால் டேங்கைச் சந்தேகப்படுங்கள்

மேலே விட்டு வைத்த விஷயம் இது. மக்காச்சோளத்துக்கு அடிக்கிற 2,4-டி களைக்கொல்லியின் சாரல் காற்றில் வந்தால் மிளகாய், பருத்தி இரண்டும் தாங்காது. இலை நாடா போல ஒடுங்கி, தண்டு முறுக்கிக்கொள்ளும். காற்று வந்த திசையில் எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பாதிக்கப்பட்டிருக்கும். உள்ளே போகப் போகக் குறையும். சாரல் மட்டுமல்ல, களைக்கொல்லி அடித்த டேங்கைச் சும்மா அலசிவிட்டு மிளகாய்க்கு மருந்து அடித்தாலும் இதே கதி. களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுக்கிற டேங்கில் கடைசியாக என்ன அடித்தார்கள் என்று கேட்காமல் ஊற்றாதீர்கள்.

மஞ்சள் பழைய இலையிலா, குருத்திலா?

சத்துக் குறையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பார்ப்பது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்க முடியும். எனவே அவை குறைந்தால் அடியிலை முதலில் காட்டும். இரும்பு, சுண்ணாம்பு, போரான் அப்படி நகராது. குறைந்தால் குருத்துதான் முதலில் கெடும். இன்னொன்று, சத்துக் குறை இலையின் இரு பாதியிலும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு பாதியில் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தால் அது பூச்சி அல்லது பூஞ்சாணம். இலையின் மேலே மஞ்சள் திட்டும், திருப்பினால் அதே இடத்தில் வெள்ளைப் பொடியும் இருந்தால் அது சாம்பல் நோய். உரம் போட்டு ஆகாது.

அடியிலை முழுதும் வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்து. அடியிலையில் நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் கருகினால் சாம்பல்சத்து. ஆனால் கரிசலில் இது பொதுவாக அபூர்வம்.

நம் மண்ணில் அதிகம் பார்ப்பது இரும்பும் துத்தநாகமும். கரிசலில் சுண்ணாம்பு கூடுதல். கார அமில நிலை எட்டைத் தாண்டுவது சாதாரணம். அந்த மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்குக் கிடைக்காது. குருத்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்பு. இலை சிறுத்து, ஒடுங்கி, இடைநரம்பு மஞ்சளாகி, கணு நெருங்கினால் துத்தநாகம். இதைத்தான் சிலர் வைரஸ் என்று பயந்து பிடுங்குகிறார்கள், சிலர் பூச்சி என்று மருந்து அடிக்கிறார்கள். டி.ஏ.பி.யை அள்ளிப் போட்ட காட்டில் துத்தநாகக் குறை கூடுதலாகவே வரும்; மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகத்தை வேர் எடுக்க முடியாது. உரத்துக்குச் செலவழித்தவர் காட்டில்தான் சத்துக் குறை என்பது வேடிக்கைதான்.

இதை உறுதிப்படுத்த ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் அன்னபேதி உப்பும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து ஒரு வரிசைக்கு மட்டும் அடியுங்கள். இன்னொரு வரிசைக்கு பத்து லிட்டருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட். மூன்றாவது வரிசைக்குச் சும்மா விடுங்கள். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஏழு முதல் பத்து நாளில் எந்த வரிசையில் புதுக்குருத்து பச்சை கட்டுகிறதோ அதுதான் குறை. அதன்பின் முழுக் காட்டுக்கும் பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை அடிக்கலாம். அன்னபேதி வாங்கும்போது வெளிர் பச்சை நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள். துரு நிறம் ஏறியது பயன்படாது. துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி. கரைசலோடு கலந்தால் இரண்டும் திரிந்து அடியில் தங்கிவிடும்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் செடி மஞ்சளானால் உரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் வடிகால் வெட்டி, மண்ணைக் கொத்திவிட்டால் தெளியும். பழுப்பாகி, தோல் உரிந்தால் வேரழுகல். அது வேறு வைத்தியம். யூரியாவைக் கூட்டிப் போட்டு இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அது விருந்து.

வீட்டுக் கொல்லையில் நாலு செடி

வீட்டுச் செடிக்குப் பாட்டில் மருந்தே தேவையில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை காலையில் இலைக்கு அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினால் அசுவினியும் இலைப்பேனும் பாதி போய்விடும். வேப்பங்கொட்டை 50 கிராம் இடித்து ஒரு லிட்டருக்குச் சாறு எடுத்து அடிக்கலாம். சுருண்ட நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள். அன்றன்று பறித்துக் குழம்புக்குப் போடுகிற காய்க்குக் காட்டு மருந்தில் மிச்சத்தைக் கொண்டுவந்து அடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

நம் வட்டாரத்துக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று. பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போகிற வீடுகளில் "கந்தகம்தானே" என்று அங்கிருந்து ஒரு பிடி கொண்டுவந்து செடிக்குத் தூவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. செடிக்கு அடிக்கிற நனையும் கந்தகம் தண்ணீரில் பரவும்படி தனியாகத் தயாரித்தது. ஆலைக் கந்தகம் கரையாது, படிந்த இடத்தில் இலையைச் சுடும். அதைவிட, ஆலையிலிருந்து வரும் தூளில் வேறு எந்த ரசாயனம் கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு பொட்டலம் அடுப்பு எரிகிற வீட்டில் இருக்கவே கூடாது.

வத்தலுக்கு விடுகிறவர்கள்

பச்சைக்காயில் ஒட்டிய நஞ்சு, காயவைத்தால் போய்விடும் என்று நினைப்பது தவறு. தண்ணீர்தான் போகும், மருந்தில் எஞ்சியது குறைந்த எடையில் செறிந்து நிற்கும். விருதுநகர் சந்தைக்கு வருகிற வத்தலில் வெளிநாட்டுக்குப் போகிற சரக்குக்கு எஞ்சிய நஞ்சு சோதனை உண்டு. லேபிளில் கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்று போட்டிருப்பதை எண்ணிப் பறியுங்கள்.

எதைக் கொண்டுபோய்க் காட்டுவது

இத்தனை பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஒற்றை இலையோடு போகாதீர்கள். பாதித்த செடி ஒன்று, பாதி பாதித்தது ஒன்று, நல்ல செடி ஒன்று, மூன்றையும் வேரும் மண்ணுமாகப் பிடுங்கி, வேரை ஈரச் சாக்கில் சுற்றி, காலை வேளையிலேயே எடுத்துப் போங்கள். பாலித்தீன் பையில் அடைத்தால் வெந்து அழுகிவிடும். வரப்பில் நின்று காடு முழுதும் தெரிய ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன உரம் எப்போது போட்டீர்கள், என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, காலிப் பாட்டிலையும் கொண்டுபோங்கள். அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நேரில் போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே கேட்கலாம். அவர்கள் முதலில் கேட்கப்போகிற கேள்வி, இலை மேலே சுருண்டிருக்கிறதா, கீழேயா என்பதாகத்தான் இருக்கும்.